ஹாரியர் எங்கும் இறங்கும், ஆனால் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டுமே

1983 ஜூன் மாதம் கேனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃப் துறைமுகத்துக்குள் அல்ரைகோ என்ற சிறிய ஸ்பானியச் சரக்குக் கப்பல் வந்து நின்றது. அதில் அடுக்கியிருந்த கன்டெய்னர்களின் மேல் பிரிட்டிஷ் கடற்படையின் சீ ஹாரியர் போர் விமானம் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் பின்பாகத்துக்குக் கீழே ஒரு டெலிவரி வேன் நசுங்கிக் கிடந்தது. கரையில் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். அன்று தொட்டு இந்தக் கதை ஒரு வேடிக்கைத் துணுக்காகத்தான் சுற்றிவருகிறது: வழிதவறிய கத்துக்குட்டி விமானி, கண்ணில் பட்ட கப்பலில் இறங்கிவிட்டார், ஏதோ ஒரு பூக்கடைக்காரரின் வேன் போச்சு.

வேடிக்கைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் துணுக்கு முக்கியமான பாதியை விழுங்கிவிடுகிறது. கப்பலிலிருந்து கிளம்பும் விமானிக்குத் திரும்பி வருவது என்பது இரண்டு தனித்தனி வேலைகள். கப்பலைக் கண்டுபிடிப்பது ஒன்று, கண்டுபிடித்த கப்பலில் இறங்குவது இன்னொன்று. நின்ற இடத்திலேயே செங்குத்தாக இறங்கும் ஹாரியர் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் எளிதாக்கிவிட்டது. முதல் வேலையில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. இரண்டுக்கும் இடையில் இருந்த இந்த இடைவெளியில்தான் 25 வயது சப்-லெப்டினன்ட் இயன் வாட்சன் மாட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். போர்ச்சுக்கல் கடற்கரைக்கு அப்பால் நேட்டோ பயிற்சி. எச்.எம்.எஸ். இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு சீ ஹாரியர்கள் கிளம்பின. ஒன்றில் மூத்த விமானி, மற்றதில் வாட்சன். கொடுத்த வேலை, பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலான ஃபோஷ் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. உண்மையான போர்போலவே நடத்த வேண்டும் என்பதால் ரேடியோவில் பேசக்கூடாது, ரேடாரையும் போடக்கூடாது. இருவரும் பிரிந்து தேடினார்கள். தேடல் முடிந்து வாட்சன் சந்திக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது அங்கே மூத்தவர் இல்லை. சரி, கப்பலுக்கே போய்விடலாம் என்று திரும்பினார். கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கடல்தான் இருந்தது. அவருடைய விமானத்தின் வழிகாட்டும் கருவி தவறான கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இனி மௌனம் காத்துப் பயனில்லை என்று ரேடியோவைத் திறந்தால், அதுவும் வேலை செய்யவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, கப்பலைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பார்க்கலாம். விமான நிலையம் நகராது. காலையில் கிளம்பினாலும் மாலையில் திரும்பினாலும் ஓடுபாதை அதே இடத்தில்தான் இருக்கும். போகிற வழியில் ஆறு, ரயில்பாதை, ஊர் என்று அடையாளங்கள் உண்டு. கப்பல் அப்படியில்லை. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு மணி நேரத்தில் 37 கிலோமீட்டர் போய்விடும். எந்தத் திசையில் போனது என்று தெரியாவிட்டால், அது இருக்கக்கூடிய வட்டத்தின் பரப்பு சுமார் 4,300 சதுர கிலோமீட்டர். இல்லஸ்ட்ரியஸின் நீளம் கிட்டத்தட்ட 210 மீட்டர். சாம்பல் நிறக் கடலில் சாம்பல் நிறக் கப்பல். அந்த நிறமே கண்ணுக்குத் தெரியாமலிருக்கப் பூசியதுதானே.

அதனால் கிளம்பும் முன்பே விமானிக்கு ஒரு திட்டம் சொல்லப்படும்: கப்பல் இந்தத் திசையில், இந்த வேகத்தில் போகும், நீ திரும்பும்போது இந்த இடத்தில் இருக்கும். கப்பல் சொன்னபடி நடக்க வேண்டும், விமானியும் தான் எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டில் எது பிசகினாலும் சந்திப்பு நடக்காது.

தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள இன்றுபோல ஜிபிஎஸ் அன்று கிடையாது. அது முழு அளவில் இயங்கத் தொடங்கியதே 1995இல்தான். சீ ஹாரியருக்குள் இருந்தது கணக்குப் போடும் கருவி. கிளம்பிய இடம் எது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு நேரம் பறந்தோம் என்று கூட்டிக்கொண்டே வந்து இப்போது இங்கே இருக்கிறோம் என்று சொல்லும். இந்த முறையின் குணம், சிறு பிழையும் நேரம் ஆக ஆக வளர்ந்துகொண்டே போகும். பிரிட்டிஷ் விமானப் படையின் ஹாரியர்களில் இதற்கென்று, விமானத்தின் அசைவை உணர்ந்தே கணக்குப் போடும் நல்ல ஜடத்துவ வழிகாட்டி இருந்தது. ஆனால் அந்தக் கருவியைத் தொடங்கும்போது விமானம் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கும் கப்பல்தளத்தில் அதற்கு எங்கே போவது? ஆகவே கடற்படை ஹாரியருக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். சுழல்காட்டி திசையைச் சொல்லும், டாப்ளர் ரேடார் கீழே உள்ள பரப்பை வைத்து வேகத்தைச் சொல்லும். கீழே தரை என்றால் பிரச்சினை இல்லை. கடல் என்றால் அந்தப் பரப்பே நகர்கிறது. நன்றாக வேலை செய்யும் நாளிலேயே கடலுக்கு மேல் இந்தக் கணக்குக்கு அவ்வப்போது திருத்தம் தேவை.

திருத்தம் கொடுப்பது யார்? வழக்கமாகக் கப்பல்தான். கப்பலில் இருக்கும் வழிகாட்டும் ஒலிபரப்பி தான் எந்தத் திசையில், எத்தனை மைலில் இருக்கிறேன் என்று விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது கெட்டால் கப்பலின் ரேடார் விமானத்தைப் பார்க்கும், ரேடியோவில் ஒருவர் வழி சொல்வார். ஆனால் இவை ஒவ்வொன்றும் கப்பலிலிருந்து வெளியே போகும் அலை. அந்த அலையை எதிரியும் பிடிக்கலாம். எனவே போர்க்காலத்திலும் அதைப்போல நடக்கும் பயிற்சியிலும் கப்பல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் இருப்பதுபோல இருக்கும். எதிரியிடமிருந்து ஒளிந்துகொள்ளும் கப்பல் தன் விமானியிடமிருந்தும் ஒளிந்துகொள்கிறது. யாரோ அலட்சியத்தால் செய்த காரியம் இல்லை இது, முறைப்படி செய்வது.

இந்த இக்கட்டு ஜெட் காலத்தில் வந்ததும் அல்ல. 1941 மே 24 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைத் தாக்க எச்.எம்.எஸ். விக்டோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒன்பது ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் யூஜீன் எஸ்மண்டின் தலைமையில் வட அட்லான்டிக்கில் பறந்தன. திறந்த இருக்கை, துணி போர்த்திய இறக்கை, மழை. தாக்குதல் முடிந்து திரும்பும்போது கப்பலின் வழிகாட்டும் ஒலிபரப்பி பழுது. கேப்டன் பொவெல் தேடுவிளக்குகளை வானத்தை நோக்கிப் போடச் சொன்னார். பக்கத்தில் க்ரூசர் கப்பலில் இருந்த அட்மிரல் கர்ட்டிஸ் அணைக்கச் சொன்னார். நீர்மூழ்கிகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? பெரிய விளக்குகள் அணைந்தன. அப்புறம் கேப்டன் செய்தி அனுப்பும் சிறிய விளக்குகளைப் பயன்படுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது ஸ்வார்ட்ஃபிஷ்களும் வந்து இறங்கிவிட்டன. கூடப் போன ஃபுல்மர் விமானங்களில் இரண்டு திரும்பவில்லை. கர்ட்டிஸ் கல்மனம் படைத்தவர் என்று சொல்லத் தோன்றும். ஒரு பக்கம் சில விமானங்களில் இருக்கும் ஆட்கள், இன்னொரு பக்கம் முழுக் கப்பல்களில் இருக்கும் ஆட்கள். அவர் இடத்தில் இருந்தவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வேலை, இறங்குவது. அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு நார்வேயில் 1940 ஜூனில் நடந்ததைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. நேச நாடுகள் நார்வேயைக் கைவிட்டு வெளியேறும் நேரம். வடகோடியில் பார்டுஃபாஸ் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 46ஆம் ஸ்க்வாட்ரனின் ஹரிக்கேன்கள் பத்து மிஞ்சியிருந்தன. அவை தரைக்கான விமானங்கள். கப்பல்தளத்தில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அவற்றில் இல்லை. விமானிகளும் அதுவரை கப்பலில் இறங்கியவர்கள் இல்லை. அழித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் இயல்பான உத்தரவு. ஸ்க்வாட்ரன் தலைவர் கென்னத் க்ராஸ், இறக்கிப் பார்க்கிறோம் என்றார். ஹரிக்கேனின் மூக்குக் கனம், பிரேக்கை அழுத்தினால் குப்புறக் கவிழும். அதனால் வால்பகுதிக்குள் மணல் மூட்டை வைத்தார்கள். பேட்ரிக் ஜேம்சன் தலைமையில் முதலில் மூன்று விமானங்கள் போய் எச்.எம்.எஸ். குளோரியஸில் இறங்கின. பிறகு மற்ற ஏழும் இறங்கின. ஒன்றுகூடச் சேதமில்லை.

மணல் மூட்டையோடு கப்பலின் வேகமும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்கியது. குளோரியஸ் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓடியது. கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்தால், தளத்தைப் பொறுத்தவரை விமானம் மெதுவாகத்தான் வருகிறது, நிறுத்தக் கொஞ்ச தூரம் போதும். ஆனால் விமானம் இறங்கும் ஒவ்வொரு முறையும் கப்பல் தன் பாதையை விட்டுக் காற்றின் பக்கம் திரும்பி, வேகமெடுத்து, நேராக ஓட வேண்டும் என்பது இதன் விலை. விமானந்தாங்கிக் கப்பலின் தலைவருக்கு இது எப்போதும் ஒரு தலைவலி.

அந்த விமானிகளுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜூன் 8 பிற்பகல், ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் குளோரியஸைப் பிடித்துவிட்டன. வானில் ஒரு காவல் விமானம்கூட இல்லை. குளோரியஸும் துணைக்கு வந்த ஆர்டென்ட், அகாஸ்டா கப்பல்களும் மூழ்கின. இறந்தவர்கள் 1,500 பேருக்கு மேல். ஹரிக்கேன்களை அவ்வளவு சாமர்த்தியமாக இறக்கியவர்களில் க்ராஸும் ஜேம்சனும் மட்டும் பிழைத்தார்கள்.

ஹாரியர் வந்ததும் இந்த இரண்டாவது வேலையின் முகமே மாறியது. காற்றை எதிர்த்து ஓட வேண்டாம், கொக்கி வேண்டாம், கம்பி வேண்டாம். கப்பலின் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, இறங்கிவிடலாம். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அட்லான்டிக் கன்வேயர் என்ற கன்டெய்னர் கப்பலில் ஒரு இறங்குதளம் அமைத்து, அசென்ஷன் தீவுக்கு அருகே எட்டு சீ ஹாரியர்களையும் ஆறு விமானப் படை ஹாரியர்களையும் அதில் இறக்கித் தெற்கே கொண்டுபோனார்கள். போர்முனைக்கு அருகில் அவை அதிலிருந்தே எழும்பி விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மே 25 அன்று எக்ஸோசே ஏவுகணை தாக்கி அந்தக் கப்பல் அழிந்தபோது ஹாரியர்கள் அதில் இல்லை. ஆக, சரக்குக் கப்பலில் ஹாரியர் இறங்குவது வாட்சன் கண்டுபிடித்த புதுமை அல்ல. ஓராண்டுக்கு முன்பே அவருடைய கடற்படை செய்து காட்டியதுதான். வித்தியாசம், அங்கே தளம் கட்டியிருந்தார்கள், ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

மறுபடி போர்ச்சுக்கல் கடலுக்கு வருவோம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. வாட்சன் இங்கே எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காணாமல் போன கப்பலைத் தேடி வட்டமடிப்பதை நிறுத்திவிட்டு, கிழக்கே கப்பல்கள் வழக்கமாகப் போகும் பாதையை நோக்கித் திரும்பினார். ரேடாரைப் போட்டதும் ஒரு புள்ளி தெரிந்தது. அதுதான் அல்ரைகோ. அப்போது அவர் மனதில் இருந்தது இறங்கும் எண்ணம் இல்லை. கப்பலில் இருப்பவர்கள் கண்ணில் படும்படி பறந்து, பக்கத்திலேயே இருக்கையோடு வெளியே எகிறிக் கடலில் விழுந்தால் தூக்கிக்கொள்வார்கள் என்பதுதான். ரேடியோ இல்லாததால் சொல்லிவிட்டுச் செய்யவும் வழியில்லை. நெருங்கிப் போனபோதுதான் கன்டெய்னர்களின் மேற்பரப்பு தட்டையாக இருப்பதைக் கவனித்தார். கிட்டத்தட்ட தான் இறங்கிப் பழகிய தளத்தின் அளவு.

ஹாரியர் அந்தரத்தில் நிற்பது பார்க்கச் சுலபமாகத் தெரியும். உண்மையில் அதுதான் அந்த விமானம் செய்யும் வேலைகளிலேயே மிகச் செலவானது. பறக்கும்போது இறக்கை தாங்கும் எடையை நிற்கும்போது பெகாசஸ் எஞ்சின் ஒன்றே தாங்க வேண்டும். எரிபொருள் கொட்டும், எஞ்சின் கொதிக்கும். எஞ்சினைக் குளிர்வித்து உந்துவிசையைக் கூட்டுவதற்கென்றே விமானத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள், அதுவும் சுமார் ஒன்றரை நிமிடத்துக்குத்தான் வரும். ஆகவே நிதானமாக நின்று யோசித்து இறங்குவதற்கு இடமில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கான எரிபொருள் மிச்சமிருந்தபோது வாட்சன் இறங்கினார்.

இறங்கியதும் நின்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஹாரியரின் முக்கியச் சக்கரங்கள் உடலுக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் இருக்கும். பக்கவாட்டில் சாயாமலிருக்க இறக்கைகளின் நுனியில் மெலிந்த துணைச் சக்கரங்கள் உண்டு. வழுக்கும் கன்டெய்னர் கூரையில் அது பின்னோக்கி நழுவத் தொடங்கியது. சக்கரங்களை மடக்கிவிட்டால் வயிறு உட்கார்ந்து நின்றுவிடும் என்று வாட்சன் லீவரை இழுத்துப் பார்த்தார். பலனில்லை. பின்பாகம் விளிம்பைத் தாண்டி இறங்கிக் கீழே இருந்த வேன்மேல் போய் உட்கார்ந்தது. ஒரு வகையில் அந்த வேன்தான் சுமார் 70 லட்சம் பவுண்டு விமானத்தைக் காப்பாற்றியது.

அல்ரைகோவின் கேப்டன் இதற்காகத் தன் பயணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. டெனெரிஃப் போகிறோம், நான்கு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். அவருடைய சரக்கில் லா பால்மா தீவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஐசக் நியூட்டன் தொலைநோக்கிக் குழுவுக்கான ஒரு அடித்தகடும் இருந்தது. அதுவும் பிரிட்டன் முன்னின்று நடத்திய திட்டம்தான். கடல் சட்டத்தின் மிகப் பழைய விதி ஒன்று, ஆபத்தில் இருந்த சொத்தைக் கடலில் காப்பாற்றியவருக்கு அதன் மதிப்பில் ஒரு பங்கு உண்டு என்கிறது. அதன்படி கப்பலின் உரிமையாளர்களுக்கும் மாலுமிகளுக்கும் 5,70,000 பவுண்டு கிடைத்தது. விமானத்தின் விலையில் சுமார் எட்டு சதவீதம். விமானம் பழுது பார்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் மீண்டும் பறந்தது. இப்போது இங்கிலாந்தின் நியூவார்க் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

விசாரணைக் குழுவின் ஆவணங்கள் 2007இல் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தால் வெளியிடப்பட்டன. அவற்றைப் பார்த்தால் துணுக்குக் கதையில் இல்லாத ஒரு விஷயம் தெரிகிறது. வாட்சன் அந்த நேரத்தில் தன் பயிற்சியில் முக்கால் பாகத்தைத்தான் முடித்திருந்தார். அனுபவக் குறைவு என்று குழு அவர்மேல் குறை சொன்னது. ஆனால் அந்தப் பறப்புக்குச் சரியாகத் தயார் செய்யப்படாத, ரேடியோவில் கோளாறு இருந்த விமானத்தைக் கொடுத்ததற்காக அவருடைய மேலதிகாரிகளையும் அது கண்டித்தது. இருந்தும் கண்டனக் குறிப்பும் கொஞ்ச காலம் மேசை வேலையும் கிடைத்தது வாட்சனுக்குத்தான். பின்னர் சீ ஹாரியரில் 2,000 மணி நேரமும் எஃப்/ஏ-18 விமானத்தில் இன்னொரு 900 மணி நேரமும் பறந்துவிட்டு 1996இல் பணியிலிருந்து விலகினார். வழி தெரியாத விமானியை யாரும் இவ்வளவு நேரம் பறக்கவிட மாட்டார்கள்.

என் கணக்கில் அன்று பழுதானது இரண்டு கருவிகள். மற்ற உதவிகள் எல்லாம் விதிப்படி அணைக்கப்பட்டவை: கப்பலின் ஒலிபரப்பி, கப்பலின் ரேடார், ரேடியோவில் வழி சொல்பவர். பக்கத்தில் மூத்த விமானி இருந்தால் அவரைப் பின்தொடர்ந்தே வந்திருக்கலாம், அதுவும் இல்லாமல் போனது. ஒவ்வொரு உதவியும் மற்றொன்று கெட்டால் கைகொடுக்க வேண்டியது. எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்துவிட்டு, பயிற்சி முடியாத ஒருவரை அனுப்பும்போது அவருடைய விமானத்தின் ரேடியோவாவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா?

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு சீ ஹாரியர் பயணம் நடந்தது, நம் நாட்டோடு தொடர்புள்ளது. இந்தியக் கடற்படை வாங்கிய முதல் மூன்று சீ ஹாரியர்கள் இங்கிலாந்தின் யோவில்டன் தளத்திலிருந்து ஐரோப்பாவைக் கடந்து மால்டா, லக்ஸர், துபாய் வழியாகக் கோவா வந்து சேர்ந்தன. தலைமை தாங்கியவர் பிற்காலத்தில் கடற்படைத் தளபதியான அருண் பிரகாஷ். ஒற்றை எஞ்சின் விமானத்தில் மூன்று கண்டங்கள், சின்ன விஷயமில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் காத்திருந்தது நகராத ஓடுபாதை, பேசும் கட்டுப்பாட்டு அறை. சில நாட்கள் கழித்து ஐ.என்.எஸ். விக்ராந்தின் தளத்தில் முதல் ஹாரியர் இறங்கியதிலிருந்துதான் இந்திய விமானிகளுக்கும் நகரும் வீட்டைத் தேடும் பாடு தொடங்கியது. 2016 வரை அந்த விமானங்கள் நம் கடற்படையில் இருந்தன.

இன்று ஹாரியரின் இடத்தில் அதைப்போலவே செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி விமானம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஜேபால்ஸ் என்ற ஏற்பாட்டைத் தன் கப்பல்களில் பொருத்தியிருக்கிறது. செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு கப்பல் எங்கே இருக்கிறது என்பதை மறைகுறியீடாக்கி விமானத்துக்கு மட்டும் அனுப்பும், குறுக்கிட்டுக் கெடுப்பது கடினம். 200 கடல் மைலுக்கு அப்பால் இருந்தே விமானி திசையையும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். அட்மிரல் கர்ட்டிஸும் கேப்டன் பொவெலும் மோதிக்கொண்ட இடத்தில் இருவருக்கும் ஒத்துவரும் ஒரு வழி கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் செய்தியும் ரேடியோ அலையில்தான் வருகிறது. விமானத்தில் அதைப் பிடிக்கும் கருவி கெட்டிருந்தால், விமானி கிட்டத்தட்ட வாட்சன் நின்ற இடத்தில்தான் நிற்பார். ஒரே வித்தியாசம், தான் எங்கே இருக்கிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.